கடல் கேள்வி-பதில்: கிளி மூக்கு வெச்ச ஏழு பங்காளிங்க

போன இதழ்ல ஏதோ ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, ஜப்பான் அக்வேரியங்கள்ல வளையத்துக்குள்ள பாயுற, இஷிதாய்ங்கிற கருப்புக் கோடு போட்ட மீனைப் பத்தி ரெண்டு வரி எழுதிட்டு விட்டுட்டேன். அதுக்கு வந்த கடிதங்களைப் பார்த்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம், ஏன்னா அது எனக்கு ரொம்பப் பிடிச்ச குடும்பம், பேச ஆள் கிடைக்காம இருந்தேன். இந்தத் தடவை வேற எந்தக் கேள்வியும் எடுக்கல, முழுக்க அந்த மீன்தான்.

கேள்வி: அந்த மீனுக்கு கிளி மூக்கு மாதிரி வாய்னு எழுதியிருந்தீங்களே, அப்போ அது நம்ம மன்னார் வளைகுடா கிளி மீன்தானே? கிளி மீன் வளையம் தாண்டுமா? (தூத்துக்குடி வாசகர்)

இல்லீங்க, ரெண்டும் வேற வேற. வாயை மட்டும் பார்த்தா யாருக்குமே அந்த சந்தேகம் வரும், அதுல தப்பே இல்ல. நான் சொன்ன மீனோட குடும்பப் பேரு ஓப்லெக்னாத்திடே. இங்கிலீஷ்ல நைஃப்ஜான்னு சொல்வாங்க, நான் இங்க கத்தித்தாடைன்னே சொல்லிட்டுப் போறேன். குட்டியா இருக்கும்போது இதுக்குப் பல்லு தனித்தனியாத்தான் இருக்கும். வளர வளர ஒவ்வொரு பல்லுக்கும் நடுவுல இருக்குற இடைவெளி எலும்பு மாதிரி கெட்டியான பொருளால நிரம்பிடும், கொத்தனார் செங்கல்லுக்கு நடுவுல சாந்து பூசுற மாதிரின்னு வெச்சுக்கோங்க. கடைசியில பல்லுன்னு தனியா எதுவும் தெரியாது, மேல ஒரு அலகு கீழ ஒரு அலகு, அவ்வளவுதான். அதை வெச்சு கடல் முள்ளெலியை உடைக்கும், நத்தை ஓட்டை நொறுக்கும், பாறையில ஒட்டியிருக்குற பார்னக்கிள்ங்கிற சின்ன ஓட்டு உயிரைப் பேத்து எடுக்கும். வேற மீன் எட்டிப் பார்த்துட்டு நம்மால ஆகாதுன்னு போயிடுற சாப்பாடு எல்லாம் இதுக்குத்தான்.

நம்ம கிளி மீன் அந்த ஆள் இல்ல. அது பவளப்பாறையைச் சுரண்டி அதுல இருக்குற பாசியைச் சாப்பிடும், தொண்டைக்குள்ள இருக்குற இன்னொரு பல் செட்டால அரைக்கும், அரைச்ச சுண்ணாம்பு வெள்ளை மணலா வெளிய வரும். அதுல பல வகை ராத்திரி தன்னைச் சுத்தி சளியால ஒரு பை கட்டிக்கிட்டு அதுக்குள்ள தூங்கும். கத்தித்தாடைக்கு இந்தப் பழக்கம் எதுவும் கிடையாது. ரெண்டு பேரும் கெட்டியான ஒண்ணுல வாயை வெச்சுப் பிழைக்கணும்னு ஆனதால ரெண்டு பேருக்கும் அலகு வந்துருச்சு, மத்தபடி ரத்த சொந்தம்னு சொல்ல முடியாது. ரத்த சொந்தம் யாருன்னு கேட்டீங்கன்னா உங்களுக்கு ஆச்சரியமா இருக்கும், டிஎன்ஏ வெச்சுப் பார்த்தா கத்தித்தாடைக்குக் கிட்டத்துல வர்ற கூட்டத்துல நம்ம கீச்சான் இருக்கு. தூக்கினா கீச்சு கீச்சுன்னு கத்துமே, கரைவலையில வருமே, அதே கீச்சான் குடும்பம்தான்.

வளையம் தாண்டுறது விஷயத்துக்கு வர்றேன். ஜப்பான்காரங்க இஷிதாய்னு கூப்பிடுற கத்தித்தாடை சீக்கிரம் கத்துக்கும், அதனாலதான் அங்க அக்வேரியம்ல இதை வெச்சு ஷோ பண்றாங்க. வளையத்தைத் தாண்டினா சாப்பாடுன்னு புரிஞ்சுக்கிட்டா அப்புறம் அதுவே வந்து நிக்கும். சும்மா வேடிக்கைன்னு நினைக்காதீங்க, கியோட்டோ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இந்த மீனோட குட்டிங்களை வெச்சு எந்த வயசுல நல்லா கத்துக்குதுன்னு பார்த்திருக்காங்க, சுமார் 7 சென்டிமீட்டர் வர்ற சமயத்துலதான் அந்தத் திறமை சட்டுனு ஏறுது. ஏன் அந்த சைஸ்? அதுவரைக்கும் குட்டிங்க நடுக்கடல்ல மிதக்குற பாசிக் கொத்துக்கு அடியில ஒண்டிக்கிட்டு பாசி போற திசையில போயிட்டு இருக்கும், அந்த சைஸ் வந்ததும்தான் கரைப்பக்கம் வந்து பாறைக்குக் குடியேறும். புது ஊரு, புது சாப்பாடு, எந்த ஓடு எப்படி உடையும்னு ஒவ்வொண்ணா பழகணும். கத்துக்க வேண்டிய நேரத்துல புத்தி வந்து சேருது பாருங்க, எனக்கு இதை நினைச்சா இன்னிக்கும் புல்லரிக்கும்.

கேள்வி: எங்க பக்கத்து வீட்டுத் தாத்தா (ஜப்பானியர்) ஒவ்வொரு சீசனும் இஷிதாய் பிடிக்கக் கிளம்பிடுவார், மூணு நாள் பாறை மேல நின்னுட்டு வெறுங்கையோட வருவார், முகத்துல அப்படி ஒரு சிரிப்பு. அந்த மீன்ல அப்படி என்னதான் இருக்கு? (ஒசாகா வாசகி)

உங்க தாத்தா தனி ஆள் இல்லம்மா, ஜப்பான்ல அது ஒரு பெரிய கூட்டம். பாறைக் கரையில நின்னு தூண்டில் போடுறவங்க இஷிதாயை பாறைக் கரையோட ராஜான்னு சொல்வாங்க, கண்ணுல படாத மீன்னும் சொல்வாங்க. இஷின்னா கல்லு, தாய்ங்கிறது அங்க மதிப்பான மீன்களுக்குச் சேர்க்குற பேரு. கொரியாவுலயும் தோல்தோம்னா கல்லுனுதான் ஆரம்பிக்கும்.

இதுக்கு சாதாரண இரை செல்லாது. முள்ளெலி, சசாயேன்னு சொல்ற உருண்டை நத்தை, நண்டு, இப்படி விலை கூடின சாமான்தான் போடணும், சாதா நரம்பைக் கட்டினா அலகால நறுக்கிட்டுப் போயிடும்னு தூண்டில் முள்ளுக்கு மேல கம்பி கட்டுவாங்க. முதல்ல வந்து கொத்திப் பார்க்கும், விடும், திரும்ப கொத்தும், அப்போ அவசரப்பட்டு இழுத்தீங்கன்னா முடிஞ்சது, அது இரையோட ஓட்டை அலகால நொறுக்கி முழுசா உள்ள வாங்குற வரைக்கும் கையை அடக்கிட்டு நிக்கணும், மாட்டினதும் நேரா பாறை இடுக்கைப் பார்த்துக் கீழ பாயும். அதனால மூணு நாள் வெறுங்கைங்கிறது அந்த ஊர்ல அவமானமே இல்ல. கிடைச்சா மீன் மேல மை தடவி காகிதத்துல ஒத்தி எடுத்து வீட்டுல மாட்டிப்பாங்க, கியோதாகுன்னு பேரு, தாத்தா வீட்டுக்குப் போனா சுவத்தைப் பாருங்க.

அந்தக் காகிதத்துல கோடு இருக்கா இல்லையான்னும் பாருங்க, அதுலதான் விஷயமே இருக்கு. சின்ன வயசுல இஷிதாய்க்கு உடம்புல 7 கருப்புப் பட்டை பளிச்சுனு இருக்கும், முதல் பட்டை கண்ணு மேலயே ஓடும். பெண் மீனுக்கு அது கடைசி வரைக்கும் ஓரளவு தங்கும். ஆண் மீன் வயசாக வயசாக பட்டை மங்கி, உடம்பு வெள்ளி சாம்பல் நிறத்துக்கு வந்து, வாயைச் சுத்தி மட்டும் கன்னங்கரேல்னு ஆயிடும். அதுக்கு குச்சிகுரோன்னு பேரு, கருப்பு வாய்னு அர்த்தம். இதோட கூடப்பிறந்த மாதிரி இன்னொரு மீன் இருக்கு, இஷிகாகிதாய், உடம்பெல்லாம் கல்லு சுவர் மாதிரி புள்ளி, இஷிகாகின்னா கல் சுவர்தான். அதுல கிழட்டு ஆணுக்கு வாய் வெள்ளை ஆயிடும், அதனால குச்சிஜிரோ, வெள்ளை வாய். நம்ம ஊர்ல ஆளுக்கு நரைக்குது, அங்க ஒருத்தனுக்கு வாய் கறுக்குது இன்னொருத்தனுக்கு வாய் வெளுக்குது.

தாத்தாவுக்கு என் சார்பா ஒரு விண்ணப்பம் சொல்லுங்க. அந்தக் கருப்பு வாய், வெள்ளை வாய் கிடைச்சா, காகிதத்துல ஒத்தி எடுக்க உயிரை எடுக்க வேண்டியதில்ல, இப்போ போட்டோ இருக்கு, ஒரு போட்டோவோட திரும்ப விட்டுடச் சொல்லுங்க. அந்த நிறம் வர்ற வரைக்கும் பாறையில பிழைச்சுக் கிடந்த மீன் அது, அதோட இடத்துக்கு இன்னொண்ணு வர வருஷக்கணக்கா ஆகும்.

கேள்வி: நாங்க நாலு தலைமுறையா டர்பன்ல இருக்கோம். இங்க நேட்டால் நைஃப்ஜான்னு ஒரு மீன் இருக்கு, கேப் நைஃப்ஜான்னு ஒண்ணு இருக்கு. ஜப்பான் மீனுக்கும் எங்க மீனுக்கும் எப்படி ஒரே குடும்பம்? நடுவுல இவ்வளவு கடல் இருக்கே, நடுவுல யாருமே இல்லையா? (டர்பன் வாசகர்)

இந்தக் கேள்விக்காகவே இந்த இதழ் எழுதினேன்னு சொல்லலாம். இந்தக் குடும்பத்துல மொத்தம் 7 பேரு, எல்லாருமே ஒரே பேரினம், ஓப்லெக்னாதஸ். சொத்தைப் பிரிச்சுக்கிட்டு பங்காளிங்க ஊருக்கு ஒருத்தரா போன மாதிரி உலகத்துல தள்ளித் தள்ளி இருக்காங்க. ஜப்பான், கொரியா, தைவான், சீனா பக்கம் நான் சொன்ன ரெண்டு பேரு. ஆப்பிரிக்காவோட தென்கிழக்குக் கரையில மூணு பேரு: உங்க ரெண்டு பேரும் சேர்த்து, மொசாம்பிக் பக்கம் பெயலோபேசின்னு மூணாவது. ஆஸ்திரேலியாவோட தெக்குப் பக்கம் ஒருத்தர், அவரு கொஞ்சம் ஆழத்துல இருக்குற ஆளு, பெரும்பாலும் இழுவலையிலதான் தென்படுவார். ஏழாவது ஆள் பசிபிக்கோட அந்தப் பக்கம், பெரு, வட சிலி, கலாபகோஸ். பெருவுல அதுக்கு லோரோன்னே பேரு, ஸ்பானிஷ்ல கிளின்னு அர்த்தம், பாருங்க, தூத்துக்குடிக்காரருக்கு வந்த அதே நினைப்புதான் அவங்களுக்கும். சிலியில சான் பெட்ரோம்பாங்க. உங்க ஊர் ஆஃப்ரிகான்ஸ் மொழிக்காரங்க கேப் மீனை க்ராய்பெக்னு சொல்றது உங்களுக்கே தெரிஞ்சிருக்கும், காக்கா அலகு.

இப்போ உலக வரைபடத்தை எடுத்து இந்த இடங்களை எல்லாம் புள்ளி வெச்சுப் பாருங்க. பூமத்திய ரேகைக்கு வடக்கே ஒரு பட்டை, தெற்கே ஒரு பட்டை, நடுவுல சூடான கடல் பெரும்பாலும் காலி. இது வெப்பமண்டல மீனும் இல்ல, குளிர் கடல் மீனும் இல்ல, ரெண்டுக்கும் நடுவுல இருக்குற இளஞ்சூட்டுத் தண்ணியோட ஆளு. நடுவுல காலியா இருக்குறதுக்கு விஞ்ஞானிங்க சொல்ற காரணங்கள்ல ஒண்ணு, பூமி குளிர்ந்திருந்த காலங்கள்ல பூமத்திய ரேகைப் பக்கத்துக் கடலும் இவ்வளவு சூடா இல்ல, அப்போ தாண்டிப் போயிருக்கலாம், திரும்ப சூடானதும் ரெண்டு பக்கமும் பிரிஞ்சு நின்னுட்டாங்கங்கிறது. இன்னொண்ணு, அந்தச் சூடான கடல் பவளப்பாறையில ஏற்கனவே போட்டிக்கு ஆயிரம் மீன் இருக்கு, இவங்களுக்கு அங்க இடம் கிடைக்கலங்கிறது. எனக்கு முதல் காரணம் கூடுதலா பொருந்துற மாதிரி தோணுது, ஏன்னா குட்டிங்கதான் பாசியில தொத்திக்கிட்டு அவ்வளவு தூரம் போகுமே, கொஞ்சம் வழி திறந்தாப் போதும்.

கலாபகோஸ் பூமத்திய ரேகை மேலயே தானே இருக்குன்னு யாராவது கேப்பீங்க. இருக்கு, ஆனா தெக்குல இருந்து ஹம்போல்ட் நீரோட்டம் குளிர்ந்த தண்ணியைக் கொண்டு வருது, மேற்குப் பக்கத்துல ஆழத்து நீரோட்டம் ஒண்ணு மேல ஏறி வருது, பென்குவினே வாழுற இடம் அது. வரைபடத்துல ரேகை எங்க போகுதுங்கிறது மீனுக்கு எதுக்கு, தண்ணி எப்படி இருக்குன்னுதான் அதுக்குக் கணக்கு.

உங்க மீனுக்கு இன்னொரு பெருமையும் இருக்கு. இந்தப் பேரினத்துக்கு முதல்ல பேர் வெச்சதே உங்க கேப் மீனை வெச்சுத்தான், 1840-ல, வட துருவப் பயணங்களுக்கு டாக்டரா போன ஜான் ரிச்சர்ட்சன் வெச்சார். ஜப்பான் ரெண்டு பேருக்கும் பேர் வந்தது 1844-ல, நாகசாகியில டச்சுக்காரங்களுக்கு டாக்டரா இருந்த சீபோல்ட் சேர்த்து அனுப்பின மீன்களைப் பார்த்து ஹாலந்துல உக்காந்து டெம்மிங்க், ஷ்லேகல்னு ரெண்டு விலங்கியல் ஆய்வாளர்கள் எழுதினாங்க. மொசாம்பிக் பங்காளிக்கு 1947-ல பேர் வெச்சவர் ஜே.எல்.பி. ஸ்மித், எப்பவோ அழிஞ்சுபோச்சுன்னு நினைச்சிருந்த சீலகாந்த் மீன் உயிரோட இருக்குன்னு உலகத்துக்குச் சொன்னாரே, அவரேதான்.

கேள்வி: சுனாமியில படகோட அமெரிக்கா போன மீன் இதுதான்னு படிச்சேன், உண்மையா? (கோவை கல்லூரி மாணவி)

உண்மைம்மா. 2011 மார்ச் 11 சுனாமியில ஜப்பான்ல இருந்து அடிச்சுட்டுப் போன ஒரு சின்ன மீன்பிடி படகு 2013 மார்ச்ல அமெரிக்காவோட வாஷிங்டன் மாநிலத்துல லாங் பீச்ங்கிற கரையில ஒதுங்குச்சு. பேரு சாய்ஷோ மாரு. உள்ள தண்ணி நின்ன ஒரு பெட்டியில 5 இஷிதாய் உயிரோட இருந்துச்சு. ரெண்டு வருஷம்! பசிபிக் பெருங்கடல் முழுசையும் தாண்டி! படகுல ஒட்டி வளர்ந்த பாசியும் பார்னக்கிளும் சின்னச் சின்ன உயிருங்களும்தான் அதுங்களுக்கு வீடும் சாப்பாடும். நான் முன்னாடி சொன்னதை இதோட சேர்த்துப் பாருங்க, மிதக்குற பாசிக்கு அடியில போறது இதோட ரத்தத்துலயே இருக்குற பழக்கம், அதுங்களுக்கு அந்தப் படகு கொஞ்சம் பெரிய பாசிக்கொத்து, அவ்வளவுதான். அதுல ஒண்ணை மட்டும் ஓரிகன் மாநிலத்துல சீசைட் அக்வேரியத்துக்குக் கொண்டு போனாங்க, அங்க சுனாமி மீன்னு ஜனங்க வந்து பார்த்தாங்க. மத்த நாலும் பிழைக்கல, அந்நிய மீன் உள்ளூர் கடல்ல பரவிடக்கூடாதுன்னு அதிகாரிங்க எடுத்த முடிவு. எனக்கு மனசு கஷ்டமா இருந்தாலும் அவங்க பயத்துக்கு அர்த்தம் இருக்கு, 2017-ல வந்த ஆய்வு ஒண்ணுல சுனாமி மிதவைங்க மேல ஏறி அந்தக் கரைக்கு வந்த ஜப்பானிய உயிரினங்க 289 வகைன்னு எண்ணியிருக்காங்க. மரக்கட்டையா இருந்தா வழியில மக்கியிருக்கும், பிளாஸ்டிக்கும் ஃபைபரும் மக்காம மிதக்குறதாலதான் இவ்வளவு தூரம் வருதுங்க.

கேள்வி: இஷிதாய்ல ஆணுக்கும் பெண்ணுக்கும் குரோமோசோம் எண்ணிக்கையே வேறன்னு மாணவர் ஒருத்தர் சொல்றார், சரியா? (மதுரை உயிரியல் ஆசிரியர்)

சரிதாங்க சார், பையனைத் தட்டிக் கொடுங்க. பெண்ணுக்கு 48, ஆணுக்கு 47. ஆணா பெண்ணான்னு தீர்மானிக்கிற குரோமோசோம் நம்ம மாதிரி எக்ஸ் ஒண்ணு ஒய் ஒண்ணுன்னு இல்லாம, ஆணுக்கு ரெண்டு வேற வேற எக்ஸும் பெருசா ஒரு ஒய்யும், பெண்ணுக்கு அந்த எக்ஸ் ஒவ்வொண்ணும் ரெண்டு ரெண்டா நாலு. பழைய காலத்துல ரெண்டு குரோமோசோம் ஒண்ணா ஒட்டிக்கிட்டதால ஆணுக்கு எண்ணிக்கை ஒண்ணு குறைஞ்சுது.

கூடவே ஒண்ணு சொல்றேன், வகுப்புல உதவும். இஷிதாயையும் இஷிகாகிதாயையும் கலந்து ஜப்பான்ல கின்கி பல்கலைக்கழகம் 1970-ல ஒரு கலப்பு மீனை உருவாக்குச்சு, பல்கலைக்கழகத்தோட செல்லப் பேரு கின்தாய், மீனுக்கும் அதே பேரை வெச்சுட்டாங்க. கோடும் புள்ளியும் கலந்து இருக்கும். கடல்லயே தானா இப்படி கலந்த மீனும் அப்பப்போ கிடைக்கும்.

கேள்வி: ருசி எப்படி? ஜப்பான் போறப்போ சாப்பிடலாமா? (சென்னை வாசகர்)

வெள்ளை சதை, கெட்டியா இருக்கும், பச்சையா சீவி சஷிமியா சாப்பிடுறதுதான் அங்க பிரசித்தம். ஜப்பான், கொரியா, சீனாவுல பண்ணையிலயும் வளர்க்குறாங்க, ஆனா இரிடோவைரஸ்னு ஒரு நோய் வந்தா கூண்டு கூண்டா செத்துப்போகும், பண்ணைக்காரங்களுக்கு அது பெரிய தலைவலி.

சாப்பிடுங்க, ஆனா ஒரு விஷயத்துல உஷாரா இருங்க: கடல்ல பிடிச்ச பெரிய இஷிகாகிதாய், முக்கியமா அந்த வெள்ளை வாய் சைஸ், வேண்டாம். சூடான கடல்ல பாசி மேல வாழுற கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் ஒண்ணுல இருந்து சிகுவாடாக்சின்ங்கிற விஷம் வருது, பாசியைத் தின்ன சின்னதுங்களை மீன் தின்னத் தின்ன உடம்புலயே சேர்ந்துக்கிட்டே போகும், எவ்வளவு பெருசோ அவ்வளவு சேரும். மீனுக்கு ஒண்ணும் ஆகாது, நமக்குத்தான். வேகவெச்சாலும் போகாது, ஃபிரீசர்ல வெச்சாலும் போகாது, மூக்குல வெச்சாலும் தெரியாது. வாந்தி பேதி போக, கை காலெல்லாம் சுரீர்னு இருக்கும், ஜில்லுன்னு தண்ணி தொட்டா ஷாக் அடிச்ச மாதிரி இருக்கும், சிலருக்கு மாசக்கணக்குல போகாது. 1999-ல சிபா மாகாணத்துல ஒரு உணவகத்துல இந்த மீனைச் சாப்பிட்டு உடம்புக்கு முடியாம போனவங்க கேஸ் போட்டு, 2002-ல டோக்கியோ நீதிமன்றம் சமைச்சுப் பரிமாறினவங்கதான் பொறுப்புன்னு தீர்ப்பு சொல்லுச்சு. அந்தக் கடைக்காரர் வேணும்னு பண்ணல, விஷம் இருக்கறது அவருக்கும் தெரிய வழியில்ல. அதனாலதான் சொல்றேன், கிழட்டு மீனை கடல்லயே விட்டுடறது மீனுக்கும் நல்லது நமக்கும் நல்லது.

கேள்வி: வீட்டுத் தொட்டியில வளர்க்கலாமா? (திருச்சி வாசகர்)

வேண்டாம். குட்டி அழகா இருக்கும், ஆனா இஷிதாய் 80 சென்டிமீட்டர் வரைக்கும் வளரும், கூட இருக்குற நத்தை நண்டை எல்லாம் முடிச்சுடும், அப்புறம் அந்த அலகு எதைக் கொத்தும்னு சொல்ல முடியாது. போதாததுக்கு அதுக்குப் புத்தி ஜாஸ்தி, நாலு கண்ணாடிக்குள்ள அதை அடைச்சு வெக்க எனக்கு மனசு வராது.

கேள்வி: கடிக்குமா? (நாகர்கோவில், ஆறாம் வகுப்பு)

கடிக்கும் கண்ணு, ஆனா கோவத்துல இல்ல. கோடைக்காலத்துல ஜப்பான் கடற்கரையில ஜனங்க குளிக்கும்போது இஷிதாய் குட்டிங்க வந்து காலை, முதுகை, மச்சம் இருந்தா அந்த மச்சத்தைக் கொத்தும். ஏதோ புதுசா வந்திருக்கு, தின்னலாமா பார்ப்போம்னு வாயால தொட்டுப் பார்க்குது, அதுக்குக் கை கிடையாது இல்ல. சுருக்குனு இருக்கும், அவ்வளவுதான். பெரிய மீன் வாயில மட்டும் விரலை வெச்சுடாதே, முள்ளெலி ஓட்டையே உடைக்கிற அலகு. டர்பன் பக்கம் இதோட பங்காளிங்களும் தண்ணிக்குள்ள போற ஆளைப் பார்த்தா ஓடாம கிட்ட வந்து பார்க்கும், ஈட்டி வெச்சிருக்கவங்களுக்கு அதனாலயே சுலபமா மாட்டிக்கும். ஜப்பான் குட்டிங்க இன்னும் தைரியம், நீ கையை உதறினா ஒரு முழம் தள்ளிப் போகும், திரும்பிப் பார்த்தா உன் உள்ளங்கை அளவு கோடு போட்ட மீன் ஒண்ணு அதே இடத்துல நின்னு உன்னையே பார்த்துட்டு இருக்கும்.